நீலக் கோட்டின் பை

முகாம்
பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். கை கால் எல்லாம் எண்ணிக்கை குறையாமல் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அப்பாவின் வலது கை விரல்கள் இன்னும் மடங்கியேதான் இருக்கின்றனவா? பிசைவதற்கு ரப்பர் பந்தைக் கொடுக்கிறாயா, இல்லை அதை மறுபடியும் உன் ஊசி குத்த எடுத்துக்கொண்டாயா?

இவள் கடிதம் எழுதும் அளவுக்குத் திருந்திவிட்டாளா என்று வாயைப் பிளக்காதே. இந்த ஒரு வருஷத் தேசிய சேவையில் சேர்ந்த அன்றே போனை வாங்கி மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் தருவார்கள். அதற்கும் வரிசை. எனக்குப் பின்னால் நிற்கிறவள் என் தோளிலேயே தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அதில், "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் என்ன பேச முடியும்?

நாங்கள் தங்கியிருப்பது மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தில். வகுப்பறைக்குள் இரண்டடுக்குக் கட்டில்கள். எனக்கு மேல் கட்டில். கண் விழித்தால் கரும்பலகையில் யாரோ போட்டுப் பாதியில் விட்ட வகுத்தல் கணக்கு. காலை ஐந்தரைக்கு எங்கள் குழுத் தலைவி விசில் ஊதுவாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயரும் அதுதான். போன மாதம் இந்த ஊருக்குள் ஆறு புகுந்துவிட்டுப் போனது இல்லையா, அது விட்டுப்போன சேற்றை வீடு வீடாக அள்ளுவதுதான் வேலை. நேற்று ஒரு ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனேன். "தொடாதே!" என்று விசில் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. மூன்று வாரம் மின்சாரமில்லாமல் கிடந்த ஃப்ரிட்ஜைத் திறக்கவே கூடாதாம். டேப் சுற்றி அப்படியே தூக்கிப் போக வேண்டுமாம்.

சாப்பாடு மோசம் அக்கா. வெந்தும் வேகாத கிழங்கு. ரப்பர் பூட்ஸ் கடித்துக் குதிகாலில் புண். உனக்கு இது கிடைக்காமல் போனதே நல்லதோ என்று தோன்றுகிறது.

சீருடைச் சட்டையில் நீ இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாயே, அதைப் பார்த்து எல்லோரும் எந்தக் கடையில் தைத்தாய் என்று கேட்கிறார்கள். அப்பாவுக்கு என் முத்தம்.

உன் வாலு


வீடு
பிப்ரவரி 24

அடி வாலு,

கடிதம் வந்தது. இங்கே இரண்டு பேரும் இருக்கிறோம். நலமா என்று கேட்டதற்கு இவ்வளவுதான் பதில்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஃப்ரிட்ஜ் விஷயம் வந்ததும் "போலாம், போலாம்" என்று இடது கையால் கட்டிலைத் தட்டினார். வாதம் வந்து ஆறு வருஷத்தில் அவர் வாயில் மிஞ்சிய ஒரே வார்த்தை. பசித்தால் போலாம், தாகமெடுத்தால் போலாம், நான் ஏதாவது கத்தினால் அதற்கும் போலாம். முப்பது வருஷம் பேருந்து ஓட்டிய மனிதருக்கு வேறு எந்த வார்த்தை மிஞ்சும். இந்த முறை அது சிரிப்புக்கான போலாம்.

குதிகால் புண்ணில் தூள் எதையும் கொட்டாதே. உப்புத் தண்ணீரில் கழுவி, காய வைத்து, பருத்தித் துணி சுற்று. பூட்ஸுக்குள் இரண்டு சோடி சாக்ஸ் போடு.

எனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறதென்று தெருவிலுள்ள பிள்ளைகள் பேன்ட் எல்லாம் என் மேஜையில்தான். வளர்ந்த பிள்ளைக்கு மடிப்பை இறக்கு, அண்ணன் பேன்ட் தம்பிக்கு வந்தால் மடிப்பை ஏற்று. உன் நீலக் கோட்டு ஆணியிலேயே தொங்குகிறது. உள்பை ஓரம் கிழிந்திருந்தது, தைத்து வைத்திருக்கிறேன்.

எனக்குக் கிடைக்காததைப் பற்றி இனி எழுதாதே. ஒரு முறை தள்ளியவர்களை மறுபடி எடுப்பதில்லை என்று அவர்கள் தாளிலேயே போட்டிருக்கிறது. அது முடிந்த கதை.

ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா


முகாம்
மார்ச் 3
(இந்தக் கடிதம் அன்று அனுப்பப்படவில்லை)

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு இன்று வாய் வரவில்லை.

உள்பையைத் தைத்தேன் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியையே நான்கு முறை படித்தேன். உனக்கு எதுவும் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் நீ என்னைச் சும்மா விடுகிற ஆளா?

நவம்பரில் இரண்டு பேரும் படிவம் நிரப்பினோம். வீட்டில் நோயாளி இருந்தால், சேவைக்குப் போகும் வருஷத்தில் அவரை யார் பார்த்துக்கொள்வது என்று கடைசிப் பக்கத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். என் படிவத்தில் நீ போட்டாய், உன் படிவத்தில் நான் போட்டேன். "யாருக்கு வருதோ அவ போகட்டும், இன்னொருத்தி அப்பாவைப் பாத்துக்கட்டும். அழக்கூடாது, சண்டை போடக்கூடாது" என்று நீதான் சொன்னாய். இரண்டையும் என்னிடம் கொடுத்து அனுப்பினாய்.

கவுண்டரில் இருந்த அம்மா முகவரியைப் பார்த்தாள். "ஒரே வீடா? ரெண்டுல ஒண்ணுதான் எடுப்போம். மூத்தவங்களுக்கு வயசு வரம்பு நெருங்குதில்ல, அவங்களுக்குத்தான் முதல்ல" என்றாள். நான், "ஒரு நிமிஷம்" என்று சொல்லி உன்னுடையதை இழுத்துக்கொண்டேன். நிஜமாகவே ஒரு நிமிஷம்தான் அக்கா. யோசிக்கக்கூட இல்லை. கை போய்விட்டது.

அதை நீலக் கோட்டு உள்பையில் பத்து நாள் வைத்திருந்தேன். பிறகு பேருந்து நிலையத்துக் குப்பைத் தொட்டியில் கிழித்துப் போட்டேன். எனக்கு ஆணை வந்த அன்று, "உனக்கு வரலைக்கா" என்று உன் முகத்தைப் பார்த்தே சொன்னேன். நீ உதட்டைப் பிதுக்கிவிட்டு, "சரி, சட்டையைக் கொண்டா, அளவு பாக்கலாம்" என்றாய்.

உன்னை யாரும் தள்ளவில்லை அக்கா. உன் படிவத்தை யாரும் பார்க்கவே இல்லை. வரும் நவம்பரில் நீ போடலாம், அதுதான் கடைசி. டிசம்பரில் உனக்கு இருபத்தாறு ஆகிவிடும். இதை நான் சொன்னால்தான் உனக்குத் தெரியும். சொன்னால் நான் வீட்டுக்கு வந்து அப்பா பக்கத்தில் உட்கார வேண்டும். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. கிழங்கு நன்றாகத்தான் வேகிறது. உன் வயிறு எரியக்கூடாதென்று பொய் எழுதினேன். நான் இவ்வளவு சந்தோஷமாக என் வாழ்க்கையில் இருந்ததே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.


முகாம்
மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். புண் ஆறிவிட்டது, உப்புத் தண்ணீர் வைத்தியரே வாழ்க. அப்பாவுக்கு இருமல் இல்லையே? உனக்கு இடுப்பு வலி?

இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. காலையில் ஓட்டம், பிறகு மண்வெட்டி. சுவரில் ஆறு நின்றுபோன உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருக்கும். அதைத் தேய்த்து எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். இந்த வாரம் எனக்குக் காகித வேலை. நனைந்த சான்றிதழ்களையும் புகைப்படங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் கிளிப் போட்டு உலர்த்த வேண்டும். பள்ளி மைதானம் முழுக்க யாரோ ஒருவருடைய கல்யாணங்கள் தொங்குகின்றன. வீட்டுக்காரர் பார்க்காமல் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப் போடக்கூடாது என்பது இங்கே முதல் சட்டம்.

ரொம்பக் கஷ்டம் அக்கா. வேறு எழுத ஒன்றும் இல்லை.

உன் வாலு


வீடு
ஏப்ரல் 20

அடி வாலு,

உன் கடிதத்துக்கு ஆறு வாரம் கழித்துப் பதில் எழுதுகிறேன். கோபம் இல்லை, நேரம் இல்லை.

அப்பா குளியலறையில் வழுக்கினார். பயப்படாதே, எலும்பு எதுவும் முறியவில்லை. தனியாகத் தூக்க முடியவில்லை. கீழ்வீட்டு மெக்கானிக் கடையைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். அவர் வரும்வரை நானும் ஈரத்தரையில் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். அப்பா "போலாம்" என்றார். நானும் "போலாம்பா, இரு" என்றேன். இரண்டு பேரும் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டோம். வந்து பார்த்த மெக்கானிக், "என்னம்மா, ரெண்டு பேரும் பஸ்ஸுக்கா காத்திருக்கீங்க?" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு சிரிப்பு வந்ததோ தெரியவில்லை. சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொல்லவில்லை. உன் தோளில் தாடை வைத்திருப்பவளுக்கு எதற்கு எங்கள் வீட்டுக் குளியலறை.

உன் கடிதங்கள் இப்போதெல்லாம் கட்டுரை நோட்டு மாதிரி இருக்கின்றன. ரொம்பக் கஷ்டம், ரொம்பக் கஷ்டம் என்கிறாய். உன் கையெழுத்து குதித்துக்கொண்டு இருக்கிறது. எனக்குத் தெரிந்து நீ சந்தோஷமாக இருக்கும்போதுதான் வரி மேலே ஏறும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அப்பா நன்றாகத் தூங்குகிறார்.

அக்கா


முகாம்
ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா விழுந்ததைப் படித்த அன்று சாப்பிடவில்லை. இடையில் இரண்டு முறை எழுத உட்கார்ந்து கிழித்துவிட்டேன். குளியலறைக்குப் பிடித்து நடக்க ஒரு கம்பி போட்டுவிட்டாய் என்று போனில் சொன்னாய், அந்த மெக்கானிக்குக்கு நன்றி சொல். உன் முதுகு எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

இங்கே ஒரு விவகாரம் நடந்துவிட்டது. உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

ஊரில் ஒரு குழாய்க்காரர் இருக்கிறார். முப்பது வருஷமாக எந்த வீட்டுக்கு எந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் போகிறது, எங்கே திருகு வால்வு இருக்கிறது என்று ஒரு நோட்டில் வரைந்து வைத்திருக்கிறார். அவர் வீட்டைச் சுத்தம் செய்யும்போது அந்த நோட்டு வெறும் சேற்றுக் கட்டி மாதிரி இருந்திருக்கிறது. எங்கள் குழுவில் ஒரு பெண், சாயங்காலம் ஆகிவிட்டதே, சீக்கிரம் முடிக்கலாம் என்று, அவரைக் கேட்காமலேயே அதைக் குப்பை லாரியில் போட்டுவிட்டாள். மறுநாள் கீழ்த்தெருவுக்கான பெரிய வால்வைத் தேடுகிறார்கள். சாலை முழுக்கச் சேறு இறுகிக் கிடக்கிறது. எங்கே தோண்டுவது என்று அந்த நோட்டுக்கு மட்டும்தான் தெரியும். நாற்பது வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை. பத்து இடத்தில் தோண்டியாகிவிட்டது. ஊரே பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது.

அன்று லாரியில் ஏற்றும் வேலை எங்கள் குழுவில் நாங்கள் நெட்டை என்று கூப்பிடும் பையனுக்கு. அதனால் அவன்தான் போட்டிருப்பான் என்று விசில் முடிவு கட்டி, அவனை ஒரு மாதம் கழிப்பறை வேலைக்குப் போட்டுவிட்டாள். அவன், "எனக்கு ஞாபகமில்ல, இருந்தாலும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தப் பெண் ஆறு நாளாக வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறாள். நல்ல பெண்தான் அக்கா. பாவம்.

அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டாதே.

உன் வாலு


வீடு
ஜூலை 25

அடி வாலு,

முதுகு இருக்கிறது. அப்பாவும் இருக்கிறார். படித்துக் காட்டாதே என்று நீ எழுதியது கடைசி வரியில் இருந்தது. அதற்குள் எல்லாவற்றையும் படித்துக் காட்டிவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நல்ல பெண்ணிடம் ஒன்று சொல். பாவம் அவள் இல்லை, துடைப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறானே, அவன். அடுத்தவர் காகிதத்தைக் கேட்காமல் தூக்கிப் போடுகிறவளுக்கு நான்கு நாள் தூக்கம் வராது. அது போதாது. எதிரில் போய் நின்று, நான்தான் என்று சொல்லட்டும். எத்தனை நாள் கழித்தானாலும் சொல்லட்டும். கேட்க வேண்டியவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள்.

வீட்டுக்கு அனுப்பினால் வரட்டும். இங்கே மடிப்பு இறக்க நிறைய பேன்ட் இருக்கிறது.

உன்னைத் தெரியாதா எனக்கு?

அக்கா


முகாம்
ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். அப்பாவின் வலது காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா?

உன் கடிதம் வந்த மறுநாள் காலை வரிசையில் நிற்கும்போது ஓர் அடி முன்னால் வைத்தேன். "நோட்டைப் போட்டது நான். நெட்டை இல்ல" என்றேன். விசில் என்னைப் பார்த்தாள், நெட்டையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "லாரில ஏறு" என்றாள், அவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே குப்பை மேட்டில் மூன்று நாள். எட்டு லாரிக் குப்பை. முதல் நாள் நான் மட்டும். இரண்டாம் நாள் நெட்டை மண்வெட்டியோடு வந்து நின்றான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "உனக்காக வரல. நோட்டுக்காக வந்தேன்" என்றான். அதற்கு மேல் அவன் பேசவும் இல்லை, போகவும் இல்லை. மூன்றாம் நாள் மதியம் ஒரு மெத்தைக்கு அடியில் கிடைத்தது. பேனாவில் எழுதியதெல்லாம் கரைந்துவிட்டது. பென்சிலில் போட்ட படங்கள் மட்டும் அப்படியே நின்றன. வால்வு இருந்தது ரொட்டிக் கடைப் படிக்கட்டுக்கு அடியில். தண்ணீர் வந்தபோது தெருவே கை தட்டியது. குழாய்க்காரர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. மைதானத்துக் கொடியில் ஒவ்வொரு தாளாகத் தானே மாட்டிக்கொண்டிருந்தார். கிளிப்பை நான் நீட்டினேன், வாங்கிக்கொண்டார். அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. நேற்று விசில் கூப்பிட்டு, "அடுத்த வருஷமும் இரு. புதுசா வர்ற குழுவுக்கு நீ தலைமை" என்றாள். பதில் சொல்ல நவம்பர் வரை நேரம் இருக்கிறது.

அக்கா, இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். மார்ச் 3 என்று தேதி போட்டிருக்கும். அப்போதே எழுதினேன், ஐந்து மாதம் என் பையில் இருந்தது. அதைத் தனியாக இருக்கும்போது படி. அப்பாவுக்குப் படிக்கலாமா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள்.

உன் தங்கை


முகாம்
செப்டம்பர் 14

அக்கா,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஐந்து வாரமாகப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், "அப்பா சாப்பிட்டார், நான் சாப்பிட்டேன், வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் வந்ததா என்று கேட்டால், "வந்துச்சு" என்கிறாய். திட்டு அக்கா. என்னவானாலும் திட்டு. இப்படிப் பேசாமல் இருக்காதே.


வீடு
நவம்பர் 4

அடி வாலு,

அப்பா சுகம். குளிர் வந்தால் விரல்கள் கொஞ்சம் விறைக்கின்றன, மற்றபடி குறையில்லை. என்னைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். உட்கார்ந்து படி.

எனக்குத் தெரியும். போன நவம்பரிலிருந்தே தெரியும்.

நீ அலுவலகம் போய் வந்த அன்று சாயங்காலம், மழை வருகிறதென்று கொடியிலிருந்த துணியை எடுக்க உன் கோட்டைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். கை குளிர்ந்தது, உள்பையில் விட்டேன். நான்காக மடித்த என் படிவம். என் கையெழுத்து, உன் கையெழுத்து. கவுண்டரில் என்ன நடந்திருக்கும் என்று யூகிக்க எனக்குப் பெரிய படிப்பு வேண்டுமா என்ன?

கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. நீ இதை யோசித்திருக்க மாட்டாய். மூன்று நாள், வாலு. மறுநாள் நீ கடைக்குப் போயிருந்தபோது அதை எடுத்து இஸ்திரி போட்டு மடிப்பை நீக்கினேன். அப்பாவிடம் கீழ்வீட்டு மெக்கானிக்கை உட்கார வைத்துவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை போனேன். இரண்டு பேருந்து வந்தது. இரண்டிலும் ஏறவில்லை. திரும்பி வந்து அதே மடிப்பில் மடித்து அதே பையில் வைத்தேன்.

அப்பாவை உன்னிடம் விட மனசில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். எனக்குப் பயம். பத்தொன்பது வயதிலிருந்து இந்த வீட்டுக்கு வெளியே ஓர் இரவு தூங்கியதில்லை. யார் என்ன கேட்டாலும் அப்பா இருக்கிறாரே என்று சொல்லிப் பழகிவிட்டேன். அவர் படுத்திருப்பது எனக்கு வசதியாகப் போய்விட்டது. இதை எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். நீ வந்து, "உனக்கு வரலைக்கா" என்று சொன்னபோது உதட்டைப் பிதுக்கினேனே, அதற்கு ஒரு பரிசே கொடுக்கலாம். உள்ளே அப்பாடா என்று இருந்தது. தள்ளியவர்களை மறுபடி எடுப்பதில்லை என்று உனக்கு எழுதியபோதும், என்னை யாரும் தள்ளவில்லை என்று தெரிந்துதான் எழுதினேன்.

இன்னும் இருக்கிறது. பையைத் தைத்தேன் என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். உன்னைக் குத்தட்டும் என்று எழுதினேன். கால் புண், சாப்பாடு மோசம் என்று நீ புலம்பியபோது, நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். ஈரத்தரையில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம் முழுக்க உன்னைத் திட்டினேன். நான் ஏறாமல் விட்ட பேருந்துக்கும் சேர்த்து உன்னையே திட்டினேன். நீ தப்பு செய்தவள் என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. உன் மார்ச் கடிதம் வந்ததும் அந்தச் சௌகரியம் போய்விட்டது. அதனால்தான் மூன்று மாதம் பதில் எழுத முடியவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். வெட்கம்.

அதனால் நீ செய்தது சரி என்று ஆகிவிடாது. என் காகிதத்தை நீ எடுத்தாய். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது. புதிது. நிரப்பிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. உன்னை அங்கே இன்னொரு வருஷம் இருக்கக் கூப்பிடுகிறார்கள், தலைமை என்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. இருபத்தெட்டாம் தேதி கடைசி. கையெழுத்துப் போட்டால் கொண்டுபோய்க் கொடு. போட மனசில்லையென்றால் சட்டைப் பையில் வைத்துக்கொள், அது உனக்குப் பழக்கம்தானே.

அக்கா


முகாம்
நவம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை ஒரு வாரம் வைத்துக்கொண்டு திரிந்தேன். பொய் சொல்ல மாட்டேன், நான்கு நாள் கையெழுத்துப் போடவில்லை. நீதான் மூன்று நாள் சும்மா இருந்தாயே, தப்பு பாதி உன்னுடையதுதானே, நான் ஏன் வர வேண்டும் என்றுகூட வாதாடிப் பார்த்தேன். சட்டைப் பையிலேயே இருந்தது. குனியும்போதெல்லாம் மடிப்பு நெஞ்சில் குத்தியது. ஐந்தாம் நாள் விசிலிடம் போய், "நான் இருக்க முடியாது" என்றேன். "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டாள். "இந்தத் தடவை யோசிச்சேன்" என்றேன்.

தபாலில் போடப் பயமாக இருந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு இங்குள்ள சேவை அலுவலகத்துக்கு நானே போனேன். கவுண்டரில் ஒருவர் வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "கையெழுத்துப் போட்டவங்க யாரு?" என்றார். "நான்தான். தங்கச்சி" என்றேன். "வருஷம் முழுக்க நீங்க பாத்துப்பீங்களா?" என்றார். "பாத்துப்பேன்" என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். நல்லவளாகிவிட்டேன் என்று அழவில்லை அக்கா. எனக்கு இங்கிருந்து போக மனசே இல்லை, அதற்காக அழுதேன். உன்னிடம் இனி எதையும் மறைக்கக்கூடாது என்றுதான் இதையும் எழுதுகிறேன்.

முத்திரை குத்திய ரசீதை இத்துடன் வைத்திருக்கிறேன். பத்திரமாக வை. என் கையில் கொடுக்காதே.

உன் தங்கை


முகாம்
பிப்ரவரி 20

அடி வாலு,

வந்து பதினெட்டு நாள் ஆகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பா எப்படி இருக்கிறார்? ரப்பர் பந்து?

உன் கடிதம் நேற்று வந்தது. எந்தப் போலாம் எதற்கு என்று புரியவில்லை, பசிக்கிறதென்று நினைத்துச் சோறு ஊட்டினால் துப்புகிறார், உனக்கு எப்படித்தான் தெரிந்தது என்று அழுது எழுதியிருக்கிறாய். முதல் ஒரு வருஷம் எனக்கும் தெரியாது. இழுத்துச் சொன்னால் பசி. வெடுக்கென்று சொன்னால் சிறுநீர், ஓடு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் வலி. உன்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னால் ஒன்றும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அதற்குத்தான் நீ சோறு ஊட்டியிருப்பாய்.

எனக்குக் கொடுத்திருப்பது உன் மேல் கட்டில். கரும்பலகையில் அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறது, நேற்று போட்டு முடித்தேன், மீதி மூன்று. சீருடைச் சட்டை எனக்குச் சரியாக இருக்கிறது. முதல் முறையாக எனக்குத் தையல் வேலை இல்லாத ஒரு துணி. ஊருக்குள் போனபோது ஒருவர், "போன வருஷம் வந்த பொண்ணுக்கு நீ அக்காவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நோட்டு காஞ்சிடுச்சுன்னு சொல்லு" என்றார்.

மற்றபடி சாப்பாடு மோசம். கிழங்கு வேகவில்லை. பூட்ஸ் கடிக்கிறது. விசில் காது கிழியக் கத்துகிறாள்.

இதுவரை அப்பாவுக்குப் படித்துக் காட்டு. இனி வருவது உனக்கு மட்டும்.

நேற்று கீழ்த்தெருவில் ஒரு வீட்டில் வேலை. சுவரில் அந்தப் பழுப்புக் கோட்டைத் தேய்த்து எடுத்து, வெள்ளை அடித்து, ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்து டீ குடித்தோம். யாரோ ஏதோ சொல்ல, புரையேறும் வரை சிரித்தேன். இன்று காலை பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது, நேற்று முழுக்க ஒரு தடவைகூட எனக்கு அப்பா ஞாபகம் வரவில்லை. காலையிலிருந்து படுக்கும் வரை ஒரு தடவைகூட இல்லை. ஏழு வருஷத்தில் இப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை. பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

உனக்கும் இப்படித்தான் இருந்ததா? உண்மையை எழுது.

அக்கா